வலிப்பு அறுவைக்கு முன் நரம்புளவியல் சோதனை: மதிப்பெண் செல்லுபடியாக என்ன செய்ய வேண்டும்

யாங்கோன், பெகு, மோல்மேன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் வலிப்பு நோயாளிகளின் நினைவு, பேச்சு, கவனம் ஆகியவற்றை மூளை அறுவைக்கு முன் சோதிக்க உட்காரும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவியல் படிக்கிறவர், செவிலியர், மொழிபெயர்க்கக் கூப்பிடப்படுகிறவர் எல்லாரும் இதில் அடக்கம். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். 3, 6, 13 ஆகிய பகுதிகள் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சோதனையில் இருக்கும் சொற்பட்டியலையோ படங்களையோ இங்கே எழுத மாட்டேன். வெளியே தெரிந்துவிட்டால் அந்தச் சோதனை யாருக்கும் பயன்படாது.

1. கேள்வியை எழுத்தில் வாங்குங்கள்

பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டில் "மெமரி டெஸ்ட்" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு தொடங்கிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் திரும்பிப் போய், மூன்றில் எது வேண்டும் என்று கேளுங்கள். வலிப்பு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதற்குத் துணைச் சான்றா? மூளையின் அந்தப் பகுதியை எடுத்தால் நினைவோ பேச்சோ எவ்வளவு குறையும் என்ற கணிப்பா? அறுவைக்குப் பிறகு ஒப்பிட ஒரு அடிப்படை அளவா?

ஏன் இதற்கு இவ்வளவு வற்புறுத்தல் என்றால், ஒரு சோதனை "ஏற்புடையது" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த ஆளுக்கு, எந்தக் கேள்விக்கு என்று சேர்த்துத்தான் சொல்ல முடியும். நாமே தமிழில் கவனமாகத் தயாரித்த ஒரு சொற்பட்டியல் மூன்றாவது கேள்விக்குப் போதும். அதே ஆளை அதே முறையில் பிறகு மறுபடி சோதிக்கப் போகிறோம், அவ்வளவுதான். முதல் கேள்விக்கு அது போதாது. "இவருடைய நினைவு இவர் வயதுக்கும் படிப்புக்கும் குறைவு" என்று சொல்ல, அதே வயதும் படிப்பும் மொழியும் உள்ள நலமான ஆட்களின் மதிப்பெண் நம் கையில் இருக்க வேண்டும். புதியவர்கள் சறுக்கும் இடங்களில் பாதி இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

2. நாள் குறிப்பது: மருந்தைக் குறைக்கும் முன்பே

அறுவைக்குத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியைப் படுக்க வைத்து வீடியோ ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் படக்காட்சியோடு பதிவு செய்வது) எடுப்பார்கள். வலிப்பு வந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்பதால் மருந்தைக் குறைப்பார்கள், சில நேரம் தூக்கத்தையும் குறைப்பார்கள். "வார்டில் சும்மாதானே படுத்திருக்கிறார், அப்போதே டெஸ்ட்டையும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நரம்புளவியல் சோதனையை அனுமதிக்கு முந்தைய நாளோ, அனுமதியான அன்று மருந்தைத் தொடும் முன்போ வையுங்கள். உடல் முழுக்க வெட்டிய வலிப்புக்குப் பிறகு நினைவும் கவனமும் ஒரு நாளுக்கு மேல்கூட மந்தமாக இருக்கலாம். அந்த மந்தத்தை நிரந்தரக் குறை என்று எழுதிவிட்டால், அது அறுவை முடிவு வரை போய்ச் சேரும்.

சோதனைக்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெரிய வலிப்பு வந்திருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள். வெகுதூரம் வந்தவராக இருந்து தள்ள முடியாவிட்டால் பேச்சு வழியில் பின்னணி கேட்பதை மட்டும் அன்று முடித்துக்கொள்ளுங்கள்.

நம் மக்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: விரதம் இருக்கிறாரா? காவடி, தீமிதி நேரங்களில் விரதத்தோடு மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெறும் வயிறு, விட்டுப்போன மாத்திரை, இரவெல்லாம் கோவில் வேலை இவை மூன்றும் சேர்ந்த ஒருவரிடம் மூளையைப் பற்றி எதுவும் அளக்க முடியாது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

3. ஆளைப் பற்றிய தாளை நிரப்புங்கள்

சோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு முழுத் தாள் நிரம்பியிருக்க வேண்டும். அவசரப்படாமல் கேட்க வேண்டியவை இவை.

பெயர்: வீட்டில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர் என்று பலருக்கு இரண்டு உண்டு. இரண்டையும் எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஒரு பெயரிலும் உங்கள் அறிக்கை இன்னொரு பெயரிலும் இருந்தால் கோப்பு சேராது.

வயது: "இருபத்தஞ்சு நடக்குது" என்றால் முடிந்த வயது இருபத்துநாலு. ஒப்பீட்டு அட்டவணைகள் முடிந்த வயதைத்தான் கேட்கும்.

படிப்பு: "பத்து வரைக்கும்" என்ற பதில் போதாது. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாரா, தேர்வில் தேறினாரா, மழலை வகுப்பைச் சேர்த்து எண்ணுகிறாரா, இடையில் வலிப்பால் எத்தனை ஆண்டு போகவில்லை என்றெல்லாம் கேளுங்கள். சிறு வயதிலேயே வலிப்பு தொடங்கியவருக்குப் படிப்புக் குறைவே நோயின் விளைவாக இருக்கலாம். அதனால் அண்ணன், தங்கையின் படிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம்: "சோத்துக் கையால்தான் எழுதுவேன்" என்பதோடு விடாதீர்கள். இடக்கைப் பிள்ளையை அடித்து மாற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். பந்து எறிவது, சுத்தியல் பிடிப்பது, தீக்குச்சி கிழிப்பது எந்தக் கை என்று கேளுங்கள். அம்மாவையும் கேளுங்கள். இது ஏன் முக்கியம் என்பது 12இல் வரும்.

மருந்து: பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம். டோபிராமேட் எடுப்பவருக்குச் சொல் எடுப்பதும் சரளமும் குறையும். பினோபார்பிட்டால் வேகத்தைக் குறைக்கும். பெனிட்டோயின் அளவு மீறினால் கண் துடிக்கும், நடை தள்ளாடும், பதில் தாமதமாகும். முந்தைய இரவு குளோபாசமோ டயஸிபாமோ கூடுதலாகக் கொடுத்தார்களா என்று தனியாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கண்ணாடி, காது: கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அன்றைய படச் சோதனைகளெல்லாம் வீண்.

4. எந்த மொழியில் சோதிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு படித்தவர்களுக்குப் பள்ளி மொழி பர்மியம். தமிழ் எழுத்து கோவில் வகுப்பில் வந்ததாக இருக்கும், வராமலும் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுவார், சந்தையில் பர்மியம் பேசுவார், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். "உங்க தாய்மொழி என்ன?" என்று கேட்டால் பெருமையோடு "தமிழ்" என்பார். அந்தப் பதிலை நம்பித் தமிழில் மட்டும் சோதித்தால் குறைந்த மதிப்பெண் வரலாம். அதைப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் இடப் பக்க மூளையில் பழுது என்று எழுதுவது பெரிய தவறு.

வேறு மாதிரி கேளுங்கள். போன் எண்ணை எந்த மொழியில் சொல்கிறார்? மனக்கணக்கு எதில்? கோபம் வந்தால் எதில் கத்துகிறார்? கைப்பேசியில் எந்த எழுத்தில் செய்தி அனுப்புகிறார்? அப்புறம் இரண்டு மொழியிலும் ஐந்தைந்து நிமிடம் சும்மா பேச விடுங்கள். எதில் சொல் தேடுகிறார் என்பது காதுக்கே தெரியும்.

பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக மொழியை முடிவு செய்யுங்கள். முழுப் பெட்டிக்கும் ஒரே மொழி என்ற விதி எதுவும் கிடையாது.

எண் வரிசையைத் திருப்பிச் சொல்வது: அவர் எண்ணப் பழகிய மொழியில். பர்மிய இலக்கங்கள் பெரும்பாலும் ஓரசை, தமிழில் இரண்டு மூன்று அசை. சொல்ல நேரம் எடுக்கும் எண்கள் நினைவில் குறைவாகவே தங்கும் என்பது தெரிந்த விஷயம். பர்மியத்தில் ஏழு இலக்கம் சொல்பவர் தமிழில் ஆறோடு நிற்கலாம். அதை நோயின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரு மொழியில் தொடங்கினால் நேர் வரிசை, தலைகீழ் வரிசை இரண்டையும் அதிலேயே முடியுங்கள்.

சொற்பட்டியல் நினைவு: எந்த மொழியில் சரளமோ அதில் மட்டும். பட்டியலின் நடுவே விளக்கம் கொடுக்க மொழி மாறாதீர்கள். ஆனால் அவர் பதில் சொல்லும்போது தமிழ்ச் சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள பர்மியச் சொல்லைச் சொன்னால், தனிக் குறியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் கொடுப்பதா இல்லையா என்று முதலிலேயே ஒரு விதி வைத்து, எல்லா நோயாளிக்கும் அதையே பின்பற்றுங்கள்.

கதை கேட்டுத் திருப்பிச் சொல்வது: மொழிபெயர்த்த கதை எழுத்துத் தமிழில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். "அவர் மிகுந்த வருத்தமுற்றார்" என்று படித்துக் காட்டினால், தாத்தன் காலத்திலிருந்து வயல் வேலை பார்க்கும் வீட்டுப் பையன் விழிப்பான். பேச்சுத் தமிழில், இங்கே நாம் பேசுகிற மாதிரி, ஒரே ஒலிப்பதிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஆள் வேகம் மாறாது.

படம் பார்த்துப் பெயர் சொல்வது: ஒரு மொழியில் முடித்துவிட்டு, வராதவற்றை மட்டும் இன்னொரு மொழியில் கேளுங்கள். தமிழ் மட்டும் எத்தனை, பர்மியம் மட்டும் எத்தனை, சேர்த்து எத்தனை என்று மூன்று எண்ணாக எழுதுங்கள். இரண்டு மொழி பேசுபவர் ஒவ்வொரு மொழியிலும் ஒருமொழிக்காரரைவிடச் சற்றுக் குறைவாகச் சொல்வது இயல்பு. சேர்த்த எண்தான் அவருடைய சொல்வளத்துக்குக் கிட்டத்தில் வரும்.

எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் சோதனையை, எந்த எழுத்தும் சரளமாகப் படிக்கத் தெரியாதவருக்குக் கொடுக்கவே வேண்டாம். அதற்குப் பதில் ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர் சொல்லச் சொல்லலாம்.

5. சோதனைகளைப் பொறுக்குவது

வெளிநாட்டுப் படத் தொகுப்பில் பனிநாட்டு விலங்கும், நம்மூரில் யாரும் கண்ணால் பார்க்காத தின்பண்டமும் இருக்கும். அவற்றை நோயாளி தவறவிடுவதால் எதுவும் தெரிவதில்லை. உள்ளூரில் படம் வரைந்து சேர்த்தால் நலமானவர்களிடம் முதலில் காட்டிப் பாருங்கள். எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லும் படங்களை மட்டும் வையுங்கள். மூன்று சக்கர மிதிவண்டிப் படத்துக்கு இங்கே "சைக்கா" என்பதுதான் சரியான பதில். விடைத்தாளில் ரிக்‌ஷா என்று இருப்பதற்காகத் தவறு போடாதீர்கள்.

சொற்பட்டியலை அகராதி வைத்து மொழிபெயர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மூலத்தில் ஓரசையாக இருந்த சாதாரணச் சொல் தமிழில் ஐந்தெழுத்து அரிய சொல்லாகிவிடும். நீளமும் புழக்கமும் ஒத்த வேறு சொல்லைப் போடுவதுதான் முறை. பிறகு மூலம் தெரியாத ஒருவரை விட்டுத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பட்டியல் ஒன்றும் இதே கவனத்தோடு தயாராக வேண்டும். அறுவைக்குப் பின் அது தேவைப்படும்.

சிக்கலான உருவத்தைப் பார்த்து வரைந்து, பிறகு நினைவிலிருந்து வரையும் சோதனைக்கு மொத்தம் 36 மதிப்பெண். மொழி தேவையில்லை என்பதால் எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைப்பார்கள். பென்சில் பிடித்துப் பல வருடம் ஆனவருக்குப் பார்த்து வரைவதே தடுமாறும். முதலில் பார்த்து வரைந்ததின் மதிப்பெண்ணைப் பாருங்கள். அதுவே மிகக் குறைவாக இருந்தால், நினைவிலிருந்து வரைந்ததை நினைவின் அளவாக எடுக்க முடியாது.

எண்ணையும் ஆங்கில எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் சோதனைக்கு, எழுத்துக்குப் பதில் நிறத்தை வைத்துச் செய்யும் வடிவம் இருக்கிறது. அதையே எடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் தொகுப்புகள் உதவும். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வயது, பால், படிப்பு வாரியாக ஒப்பீட்டு எண்கள் உண்டு. ஆனால் அவை அங்குள்ளவர்களின் எண்கள். பர்மியப் பள்ளியில் படித்த தமிழருக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. கிட்டத்தட்ட ஒப்பிடலாம், அப்படித்தான் ஒப்பிட்டோம் என்று அறிக்கையிலும் எழுத வேண்டும்.

6. துணைக்கு வந்தவர்களை வெளியே உட்கார வைப்பது

அம்மாவோ மாமாவோ அறைக்குள் இருந்தால் பிள்ளை தடுமாறும்போது வாய் அசையும். "சொல்லுப்பா, காலையில சாப்பிட்டியே" என்று குறிப்பு வரும். அன்பு அது, ஆனால் சோதனை கெட்டுவிடும். "அம்மா, நீங்க வெளிய டீ குடிச்சிட்டு இருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு உங்ககிட்டயும் நிறையக் கேக்கணும்" என்று சொன்னால் போதும். வெளியே அனுப்புகிறோம் என்ற எண்ணம் வராது. உண்மையிலேயே கேட்கவும் வேண்டும். வீட்டில் என்ன மறக்கிறார், எதில் தடுமாறுகிறார் என்பதை நோயாளியைவிட அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

மொழிபெயர்க்க உறவினரைப் பயன்படுத்தாதீர்கள். வெளியாள் வந்தாலும் முந்தைய நாளே அரை மணி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்: சேர்க்காதே, குறைக்காதே, பதிலைத் திருத்தாதே, நோயாளி உளறினால் உளறலையே சொல். நல்ல மனசுள்ள மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் குழறலை அழகான வாக்கியமாக்கிக் கொடுத்துவிடுவார். நமக்குத் தேவை அந்தக் குழறல்தான்.

ஏற்கெனவே சோதனை முடித்த வேறு நோயாளியிடம் கேள்விகளைக் கேட்டறிந்து, பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துக் கூட்டி வரும் வீடுகளும் உண்டு. "பாஸானால்தான் ஆபரேஷன்" என்று அவர்கள் நம்புவதே காரணம். பாஸ், ஃபெயில் இதில் இல்லை என்று நாள் குறிக்கும்போதே விளக்கிவிடுங்கள்.

7. அறை

மின்சாரம் போகும், பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமும். கணினியில் செய்யும் சோதனை நடுவில் அணைந்தால் அதை மறுபடி தொடங்க முடியாது, படங்களைத்தான் பார்த்துவிட்டாரே. காகிதம், பென்சில், நிறுத்து கடிகாரம் போதும். ஜன்னலோரம் மேசை போடுங்கள். சத்தம் கிளம்பிய நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

8. அன்றைய வரிசை

மனநிலை பற்றிய கேள்விகளை முதலில் கேட்காதீர்கள். அழ வைத்துவிட்டு நினைவைச் சோதிக்க முடியாது.

எளிதாக ஒன்றைக் கொடுத்துத் தொடங்குங்கள். களைப்பு வரும் முன், முதல் அரை மணிக்குள், சொற்பட்டியலை ஐந்து முறை கற்பித்துக் கேட்கும் பகுதியை முடியுங்கள். அதற்குப் பிறகு 20 முதல் 30 நிமிடம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் படம், கட்டை அடுக்கல், கோடு இணைத்தல் போன்ற பேச்சில்லாச் சோதனைகளை வையுங்கள். பெயர் சொல்வதையோ கதையையோ அங்கே வைத்தால் அந்தச் சொற்கள் பட்டியலோடு கலந்துவிடும். புதியவர்கள் பெட்டியில் அடுக்கியிருக்கும் வரிசைப்படியே போய்விடுவதால் வரும் பிழை இது.

இடைவெளிக்குப் பின் கேட்கும்போது "முன்னாடி சொன்ன அந்தச் சொற்கள்" என்றுதான் கேட்க வேண்டும், ஒரு சொல்லைக்கூட நினைவூட்டக் கூடாது. நினைவுகூர்ந்த பிறகு, பட்டியலில் இருந்ததா இல்லையா என்று அடையாளம் காட்டும் பகுதியையும் கட்டாயம் செய்யுங்கள். தானாகச் சொல்ல முடியாமல் காட்டினால் கண்டுபிடிப்பவரின் சிக்கலும், காட்டினாலும் தெரியாதவரின் சிக்கலும் வேறு வேறு.

மனச்சோர்வுக் கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கென்றே ஆறு கேள்வி கொண்ட சிறு படிவம் இருக்கிறது, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். சோர்வு கடுமையாக இருந்தால் மறதி பற்றிய புகார் கூடும், வேகம் குறையும். அது தெரியாமல் மதிப்பெண்ணை விளக்கக் கூடாது.

9. நடுவே வலிப்பு வந்தால்

நேரத்தைக் குறியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் அவசர உதவி.

சிறிய வலிப்பு என்றால், அதாவது பார்வை நிலைகுத்தி வாய் மெல்லுவது போல் இருந்தால், அது கிடைத்தற்கரிய தகவல். ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். தெளிந்த பின் எத்தனை நொடியில் சரியான பேச்சு வந்தது, எந்த மொழியில் முதலில் வந்தது என்று எழுதுங்கள். பேச்சு திரும்பத் தாமதமானால், பேச்சை ஆளும் பக்கத்திலிருந்து வலிப்பு கிளம்பியிருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

அன்றைய நினைவுச் சோதனை அத்தோடு நின்றது. "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுத் தொடரலாமே" என்று நோயாளியே சொன்னாலும் வேண்டாம்.

வெளியே வலிப்பாகத் தெரியாமல் மூளைக்குள் வந்துபோகும் மின்பொறிகளும் நொடிக்கணக்கில் கவனத்தைப் பறிக்கும். பதில்கள் திட்டுத்திட்டாக விட்டுப்போனால், எந்த நேரத்தில் என்று குறித்து ஈ.ஈ.ஜி. பார்ப்பவரிடம் கொடுங்கள்.

10. முயற்சி போதுமா என்று பார்ப்பது

நோயாளி முழு மனதோடு செய்தாரா என்பதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. ஐம்பது படங்களைக் காட்டி, பிறகு இரண்டில் எது பார்த்தது என்று கேட்கும் சோதனை பரவலாகப் பயன்படுவது. இரண்டாம் சுற்றில் 45க்குக் கீழே வந்தால் யோசிக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. நினைவு ஓரளவு கெட்டவர்களும் இதைத் தாண்டிவிடுவார்கள், அதனால்தான் இது பயன்படுகிறது.

வரம்பைத் தாண்டாதவரை உடனே "நடிக்கிறார்" என்று எழுதிவிடாதீர்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், மின்பொறி அடிக்கடி வருபவர், படத்தில் கோடுகளாக வரைந்த பொருளைப் பார்த்தே பழகாதவர் எல்லாரும் தவறலாம். குருட்டாம்போக்கில் சொன்னாலே 25 வரும் என்பதால், 18க்கும் கீழே போனால் மட்டுமே வேண்டுமென்றே தவறு சொன்னதாக நினைக்க இடமுண்டு. மற்ற எல்லா நிலையிலும் "இன்றைய மதிப்பெண்களை நம்ப முடியவில்லை, காரணம் இவையாக இருக்கலாம்" என்று எழுதி, வேறொரு நாளில் மறுபடி வையுங்கள்.

இந்தப் பகுதியைக் கடைசியில் செருகாதீர்கள், நாளின் நடுவே வையுங்கள். களைத்துப் போனவரிடம் முயற்சியை அளந்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

11. எண்ணை எதோடு ஒப்பிடுவது

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நலமானவர்களின் சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 8, நம் நோயாளி 38 எடுத்தார். வித்தியாசம் 12, அதை 8ஆல் வகுத்தால் ஒன்றரைத் திட்ட விலக்கம் கீழே. பெரிய ஒப்பீட்டுக் குழு என்றால் நலமானவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் இந்த அளவோ இதற்குக் கீழோ வருவார்கள்.

நம்மிடம் பெரிய குழு கிடையாது. நோயாளிகளின் அண்ணன் தம்பிகள், தெருக்காரர்கள், கோவில் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்று வயதும் படிப்பும் மொழியும் ஒத்த இருபது பேரைச் சேர்க்க முடிந்தாலே பெரிது. சேருங்கள், ஆனால் அந்த இருபதை ஆயிரம் பேராக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிறு குழுவுக்கு, திட்ட விலக்கத்தைக் குழு எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதே எண்ணிக்கையால் வகுத்ததின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வித்தியாசத்தை அந்த விடையால் வகுத்து, டி-பரவல் என்ற, சிறு குழுக்களுக்கான புள்ளியியல் அட்டவணையில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எண்ணுக்கு இருபது பேர் குழுவில் விடை சுமார் 1.46, அதாவது நலமானவர்களில் 8 சதவீதம் பேர் அந்த இடத்தில் இருப்பார்கள். குழு சிறுக்கச் சிறுக்க இந்த இடைவெளி கூடும்.

இன்னொரு பொறி: இருபது மதிப்பெண்கள் எடுத்தால், முழு நலமானவருக்கும் ஒன்றிரண்டு ஒன்றரை விலக்கத்துக்குக் கீழே விழும். ஒரே ஒரு தாழ்ந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கதை கட்டாதீர்கள். ஒரே திறனை அளக்கும் இரண்டு மூன்று சோதனைகள் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

12. மற்றச் சான்றுகளோடு பொருந்துகிறதா

வலக்கைக்காரர்களில் 95 சதவீதத்துக்கு மேல் பேச்சு இடப் பக்க மூளையில். இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம். சிறு வயதில் இடப் பக்கம் பழுதானவர்களிடம் பேச்சு வலப் பக்கம் நகர்ந்திருக்க வாய்ப்பு கூடும். அடித்து மாற்றப்பட்ட கையை விசாரிக்கச் சொன்னது இதற்குத்தான்.

பேச்சு இடப் பக்கம், எம்.ஆர்.ஐ.யில் இடப் பக்க ஹிப்போகாம்பஸ் (புது நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி) சுருங்கியிருக்கிறது, ஈ.ஈ.ஜி.யும் அங்கேதான், சொற்பட்டியலில் இடைவெளிக்குப் பின் சரிவு என்றால் எல்லாம் ஒரே திசையில் போகிறது.

மருத்துவர் வலப் பக்கம் என்கிறார், நம் மதிப்பெண்ணில் சொல் நினைவு தாழ்வு என்றால் உடனே ஈ.ஈ.ஜி.யைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தவறான மொழியா? டோபிராமேட்டா? மனச்சோர்வா? படிப்புக்கு ஏற்ற ஒப்பீடா? இவையெல்லாம் தள்ளுபடியான பிறகுதான் பேச்சு வலப் பக்கம் இருக்குமோ, இரு பக்கமும் பழுதோ என்று எழுதுவது. அப்போது, பேசும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல் எம்.ஆர்.ஐ.யோ, ஒரு பக்க மூளையை மருந்தால் சற்று உறங்க வைத்துப் பார்க்கும் வாடா சோதனையோ பரிந்துரைக்கலாம். அதை இரண்டு மொழியிலும் செய்யச் சொல்லுங்கள்.

உருவ நினைவுச் சோதனையை வலப் பக்கத்தின் அளவாக அதிகம் நம்பாதீர்கள். உருவத்தைப் பார்த்து "வீடு மாதிரி, மேல ஒரு சிலுவை" என்று மனதுக்குள் பெயர் சூட்டி நினைவில் வைப்பவர்கள்தான் அதிகம். அப்போது அதுவும் பாதி சொல் நினைவுதான்.

13. வீட்டாரிடம் சொல்வது

நல்ல மதிப்பெண் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. "நல்லாப் பண்ணியிருக்கான், அப்ப ஆபரேஷன் பயமில்லைதானே?" என்பார்கள். இங்கே நிதானமாகப் பேச வேண்டும். எடுக்கப் போகும் பகுதி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால், எடுத்தபின் இழப்பு அதிகம். ஏற்கெனவே செயலிழந்த பகுதியை எடுத்தால் இழக்கப் பெரிதாக எதுவும் இருக்காது. அதனால் நினைவு நன்றாக இருக்கும் இடப் பக்க நோயாளிதான் கூடுதலாக யோசிக்க வேண்டியவர்.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இடப் பக்க டெம்போரல் (காதோரப் பொட்டுப் பக்க மூளை) அறுவைக்குப் பின் சொல் நினைவு குறைந்தவர்கள் 44 சதவீதம், வலப் பக்கத்தில் 20 சதவீதம். பெயர் சொல்லும் திறன் இடப் பக்க அறுவையில் 34 சதவீதம் பேருக்குக் குறைந்தது. மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2001இல் வெளியான, 80 பேரைக் கொண்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் சுயஉணர்வு இழக்கச் செய்யும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். எது பெரிது என்று தீர்மானிப்பது குடும்பத்தின் வேலை. கடையில் கணக்கு எழுதுபவருக்கும் வயலில் வேலை செய்பவருக்கும் ஒரே இழப்பு ஒரே மாதிரி வலிக்காது.

"செய்யலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க அண்ணே" என்று கேட்பார்கள். அறுவை பற்றிய பரிந்துரை முழுக் குழுவிடமிருந்து வர வேண்டும். நீங்கள் உங்கள் தாளில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

14. அறிக்கை

அறுவை சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ பாங்காக்கிலோ நடக்கலாம். உங்கள் அறிக்கையைப் படிப்பவருக்கு நம்மூர்ப் பள்ளிப் படிப்பும் மொழிக் கலப்பும் தெரியாது. அதனால் முதல் பக்கத்திலேயே இவை இருக்கட்டும்: ஒவ்வொரு சோதனைக்கும் எந்த மொழி, எந்தப் பட்டியல் வடிவம், யார் மொழிபெயர்த்தார், ஒப்பீட்டுக் குழு எது, கடைசி வலிப்பு எப்போது, கடைசி மாத்திரை எப்போது, முயற்சிச் சோதனையின் முடிவு. நம்பத்தகாத மதிப்பெண்ணை மறைக்காமல், ஏன் நம்பவில்லை என்ற ஒரு வரியோடு போடுங்கள்.

பட்டியல் வடிவத்தை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அங்கே போனதும் மறுபடி சோதிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் அதே பட்டியலைக் கேட்டால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். முன்னேற்றம் என்று தப்பாக நினைப்பார்கள், அல்லது உண்மையான சரிவு அதில் மறைந்துபோகும்.

15. அறுவைக்குப் பின் மறுசோதனை

ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் வைப்பது வழக்கம். அதே மொழி, முடிந்தால் அதே ஆள், மாற்றுப் பட்டியல். மருந்து மாறியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டோபிராமேட்டை நிறுத்தியதால் சரளம் கூடியதை அறுவையின் பலனாக எழுதிவிடக் கூடாது.

நாலைந்து மதிப்பெண் கூடியதையோ குறைந்ததையோ மாற்றம் என்று சொல்லும் முன், நலமான ஆட்களை அதே இடைவெளியில் இருமுறை சோதித்தால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 11இல் சேர்த்த இருபது பேரில் பாதிப் பேரையாவது ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். அவர்களின் போன் எண்ணை முதல் முறையே வாங்கி வையுங்கள், வீடு மாறிப் போய்விடுகிறார்கள்.